மொரகல மலையில் மூன்று மணித்தியாலம்

இரத்தினபுரி
6.10.1974

தங்கையா அவர்களுக்கு,

நான் செல்வநாயகி. ஆகஸ்ட் விடுமுறையில் சர்வேயர் தம்பிராஜா ஐயா நடத்திய நான்கு நாள் மலைநடைக்கு வந்த ஆறு பேரில் ஒருத்தி. வழிகாட்டியாக வந்த உங்களுக்கு என்னை நினைவிருக்கும். நினைவில்லை என்றால் நம்பமாட்டேன்.

என்னைப் பற்றிக் கல்விக் கந்தோருக்கு முறைப்பாடாக ஒரு பெட்டிசம் போயிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை பாடசாலை அதிபர் என்னைத் தன் அறைக்கு அழைத்து அதை வாசிக்கத் தந்தார். கதவை அகலத் திறந்து வைத்திருந்தார். நான்கு வருடமாக அந்த அறைக்குப் போய் வருகிறேன். இதற்கு முன் அவர் கதவைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

"மேற்படி ஆசிரியை கூட்டத்தை விட்டு விலகி வழிகாட்டியுடன் மலையில் ஓர் இரவு தங்கினார்" என்று அதில் இருக்கிறது. இரவு அல்ல. பிற்பகல் ஒன்றரை மணியிலிருந்து நாலரை மணி வரை, மூன்று மணித்தியாலம். மூடுபனியில் வழி தவறிய என்னை நீங்கள் தேடி வந்தீர்கள், மழைக்கு ஒரு பாறையடியில் ஒதுங்கினோம், திரும்பி வந்தோம். அது நம் இருவருக்கும் தெரியும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தப் பொய் அல்ல. அதற்கு அடுத்த வரி. "அவன் தன் துண்டைக் கிழித்து அவள் காலில் கட்டிவிட்டான்." இது உண்மை. நாங்கள் எல்லோரும் தங்கியிருந்த பங்களா தெரியும் வளைவுக்கு வந்ததும் நானே அந்தக் கட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று. நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஆகவே அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். நான் எழுதவில்லை.

உங்கள் லயத்து வீடுகளில் இருந்துகொண்டு பெருமையாகச் சொன்னீர்களா? யாரிடம் சொன்னீர்கள்? விசாரணை நவம்பர் இருபத்திரண்டாம் திகதி. எனக்கு ஒரு பெயர் வேண்டும். பதிலைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். நான் தங்கியிருக்கும் வீட்டு முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது.

செ. செல்வநாயகி


மொரகல தோட்டம், கீழ்ப்பிரிவு
13.10.1974

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்குத் தங்கையா எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா கையில் தந்தார். உறையின் வாய் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்ததோ, யாராவது திறந்து ஒட்டினார்களோ தெரியவில்லை. இனிமேல் பசாரில் கபூர் நானாவின் கடை முகவரிக்குப் போடுங்கள். அவர் பிரித்துப் பார்க்கிறவர் அல்ல.

"பெருமையாகச் சொன்னீர்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை நான்கு தரம் வாசித்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று விளங்காத அளவுக்குப் படிப்பில்லாதவன் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப் போகிறேன். யார் அழுதார்கள், யார் விழுந்தார்கள், யார் பயத்தில் சாமியைக் கூப்பிட்டார்கள் என்று கீழே வந்து கதை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பெட்டிசம் எனக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் ஐயாவைப் பார்க்கப் போனேன். "டிசம்பர் நடைக்கு நீ வர வேணாம், வேற ஆள் பாத்தாச்சு" என்றார். "ஏனுங்க ஐயா?" என்று கேட்டேன். "ஒனக்கே தெரியும்" என்றார். எனக்குத் தெரியாமலே திரும்பி நடந்தேன். தோட்டத்தில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. எங்கள் லயத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்துத்தான் நாட்கள் போகின்றன.

நீங்கள் கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு மூன்றாம் நாள். சர்வேயர் ஐயா வரைபடத்தோடு நடுவில், நான் முன்னால், நீங்களும் செல்வரத்தினம் ஐயாவும் கடைசியில். ஒவ்வொரு வளைவிலும் நின்று தலைகளை எண்ணுவது என் வழக்கம். பனி இறங்கிய பிறகு எண்ணினேன். அவர் இருந்தார், நீங்கள் இல்லை. "டீச்சர் எங்கங்க?" என்றேன். "பின்னால வாறா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் முன்னே போனார். அவர் முகம் சிவந்திருந்தது. உங்கள் இருவருக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது எனக்குத் தேவையில்லாதது. பெட்டிசம் எழுதுகிறவனுக்கு அது போதும்.

இப்படிக்கு,
தங்கையா


இரத்தினபுரி
25.10.1974

தங்கையா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதில் நியாயம் இருந்ததால் தபால் கந்தோருக்குப் போனேன். செல்வரத்தினம் அங்கேதான் முத்திரை விற்கிறார். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவரை எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். நாலு நாள் ஒன்றாக நடந்து பார்க்கட்டும் என்று சுன்னாகத்திலிருந்து அப்பா எழுதியதால்தான் இருவரும் அந்தக் குழுவில் சேர்ந்தோம். மூன்றாம் நாள் பாதையில் எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். நான் குனிந்து காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னதுதான் அவரை அதிகம் சுட்டதோ தெரியாது. நிமிர்ந்தபோது ஆள் இல்லை. பனிக்குள் அவர் போன பக்கம் என்று நினைத்து ஓடை வழியே இறங்கினேன். அங்கேதான் வழுக்கிக் காலை வெட்டிக்கொண்டேன்.

முத்திரை வாங்க நிற்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்களோ எழுதினது?"

"மொட்டைக் கடிதங்கள் என்ரை கையாலை எத்தினை போகுது எண்டு உமக்குத் தெரியாது," என்றார். "அதை எழுதிறவையை எனக்கு அருவருப்பு. உம்மைப் பனிக்குள்ளை விட்டிட்டு வந்தது பிழை. அதுக்கு இப்பவும் வெக்கப்படுறன். வேறை ஒண்டும் நான் செய்யேல்லை."

"அப்ப அந்தத் துண்டைப் பற்றி ஆர் சொன்னது?"

"எந்தத் துண்டு?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ இலகு.

அடுத்தது ஞானாம்பிகை. நடைக்கு வந்த மற்ற டீச்சர், நானும் அவளும் ஒரே அறையில் இருக்கிறோம். அந்தத் துணியை நான் தோய்த்து என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். திருப்பித் தர வேண்டும் என்று நினைத்தேன். கிழிந்த துண்டை யாருக்குத் திருப்பித் தருவது என்று நீங்கள் கேட்கலாம், நானும் அதைத்தான் யோசிக்கிறேன். ஞானத்திடம், "என்ரை பெட்டியைத் திறந்தனியோ?" என்று கேட்டேன். பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை மூடி வைத்தாள்.

"நாலு வருசமா ஒரு அறையிலை படுத்தெழும்புறம், நாயகி. என்னட்டையோ இதைக் கேக்கிறாய்?"

தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. அவள் குப்பைக் கூடையில் போட்ட தாள்களைக்கூட எடுத்துப் பார்த்தேன். இப்படி ஆகிவிட்டேன்.

பெட்டிசத்தின் முதல் வரியை மனப்பாடம் செய்து வந்தேன்: "நீதிக்கு மாத்திரம் தலை சாய்க்கும் கனம் பெரியவர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, நாவிழந்த ஏழைகள் கண்ணீரைத் தொட்டு எழுதிக்கொள்வது." இப்படி எழுதுகிற யாரையாவது தெரியுமா?

இன்னொரு தரம் கேட்கிறேன். யாரிடமும் சொல்லவில்லையா?

செ. செல்வநாயகி


மொரகல தோட்டம்
3.11.1974

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

அந்த வரி எனக்குத் தெரிந்த வரி. அரசாங்கக் கச்சேரி வாசலில் குடைக்குக் கீழே மேசை போட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுக்கும் முக்தார் நானாவின் கை. எங்கள் அரிசிக் கூப்பன் புத்தகம் தொலைந்தபோது எனக்கும் அதே கண்ணீரைத் தொட்டுத்தான் எழுதினார். போய்க் கேட்டேன். யார் சொல்லி எழுதினார் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

இதை இத்தோடு விட்டுவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்திரண்டாம் திகதி நான் வந்து நடந்ததைச் சொல்லுகிறேன். யார் எழுதினால் என்ன.

தங்கையா


இரத்தினபுரி
8.11.1974

தங்கையா,

உங்கள் கடிதம் ஒன்பது வரி. அதில் நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

முதற் கடிதத்தில் என்மீது கோபப்பட்டீர்கள், செல்வரத்தினத்தைக் காட்டினீர்கள். இப்போது எழுதிய ஆளின் மேசை வரைக்கும் போய்விட்டு, யார் எழுதினால் என்ன என்கிறீர்கள். முக்தாரிடம் போனதற்கும் எனக்கு எழுதியதற்கும் இடையில் என்ன நடந்தது? சர்வேயர் ஐயா திரும்பக் கூப்பிட்டுவிட்டாரா? டிசம்பர் நடைக்கு வழி கிடைத்துவிட்டதா? அல்லது ஆரம்பத்திலிருந்தே தெரிந்துகொண்டுதான் என்னை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அனுப்பினீர்களா?

அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். "உத்தியோகத்தை விட்டுவிட்டு உடனே வா" என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார். உண்மையா என்றுகூடக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வயதில் நான் சொந்தமாக நின்றுகொண்டிருக்கும் ஒரே இடம் இந்த வேலை. இதை விட்டால் சுன்னாகத்து வீட்டில் ஒரு மூலை.

முக்தாரிடம் நானே போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எழுத விரும்பினால் எழுதலாம்.

செல்வநாயகி


மொரகல தோட்டம்
15.11.1974

டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் முக்தாரிடம் போகவேண்டாம். சொல்லுகிறேன்.

அன்றைக்கு அவர் சொன்னது இதுதான். "தங்கையா, நான் எழுதித் தாரவன். சொல்றத எழுதுவன், சொன்ன ஆளச் சொல்ல மாட்டன். ஆனா நீ ஊரெல்லாம் தேடிக்கிட்டுத் திரியாத. ஊட்டுக்குப் போ." சொல்லிவிட்டுக் குடையைச் சரிசெய்வதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாரிடமும் சொல்லவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். மறைக்க நினைத்து எழுதவில்லை. வீட்டுக்கு வந்த அன்று என் சம்சாரம் அழகம்மாவிடம் சொன்னேன். துண்டு எங்கே என்று கேட்டாள், அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதியபோது அவள் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வீட்டில் சொன்னது ஓர் ஆளிடம் சொன்னது மாதிரி எனக்குப் படவில்லை. இந்த இரண்டு வாரமாக அந்த ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "நீயா?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்றுகூட அவள் கேட்கவில்லை.

"நாந்தான்."

"ராத்திரி தங்குனோம்னு சொன்னியா?"

"நா ராத்திரின்னு சொல்லல. மூணு மணி நேரம்னுதான் சொன்னேன். மூணு மணி நேரம்னு எழுதுனா ஆபீசுல யாரும் படிக்க மாட்டாங்கன்னு அந்தாளுதான் ராத்திரியாக்கிட்டாரு."

எனக்குக் கை ஓங்கியது. ஓங்கியதை ஒத்துக்கொள்ளுகிறேன். அவள் நகரவில்லை.

"மழையில நடுங்கிக்கிட்டே வந்தாங்க, ஒரு வாட்டிகூட முடியலைன்னு சொல்லலன்னு அந்த டீச்சரப் பத்திச் சொன்னீங்க. சொல்லும்போது ஒங்க மூஞ்சி வேற மாதிரி இருந்திச்சு. பதினாலு வருசமா நானுந்தான் மழையில கொழுந்தெடுக்குறேன். நானுந்தான் முடியலன்னு சொன்னதில்ல. யாருகிட்டயாவது என்னையப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

பிறகு கையை நீட்டி மலையைக் காட்டினாள்.

"எங்கேருந்தோ வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க. இந்த மலைக்கு அடியிலதான் நா இருக்கேன். என்னைய ஒரு வாட்டி கூட்டிட்டுப் போனீங்களா?"

பிறகு அடுப்படியில் இருந்துகொண்டு, "டீச்சருக்கு வேல போயிருமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பெட்டிசம் போட்டால் சர்வேயர் ஐயா என்னை இனி அந்த மாதிரி நடைகளுக்குக் கூப்பிடமாட்டார், அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறாள். உங்களுக்கு ஒரு பிழைப்பு இருக்கிறது, அது இதில் மாட்டும் என்று அவளுக்கு எட்டவில்லை.

நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். உங்கள் கடிதம் வந்தது. இப்போது பெயரைத் தந்துவிட்டேன். விசாரணையில் சொல்லுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். தோட்டத்தில் கேள்விப்பட்டால் வேலையை நிறுத்திப் பத்துச்சீட்டைத் தந்து லயத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்காக நீங்கள் உங்கள் வேலையை இழக்கவேண்டும் என்று நான் கேட்க முடியாது.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் மறுபடி மறைத்ததாகிவிடும். "நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்று அழகம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

தங்கையா


இரத்தினபுரி
24.11.1974

தங்கையா அவர்களுக்கு,

வரவேண்டாம் என்று நான் அடித்த தந்தியை மதித்து நீங்கள் வராமல் இருந்தது நல்லது.

விசாரணைக்குக் கல்விக் கந்தோரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்: பனி, ஓடை, வெட்டுக்காயம், மழை, பாறை, நாலரை மணிக்குப் பங்களா. செல்வரத்தினம் தானாகவே வந்து, நான் அன்று பின்னேரம் பங்களாவில் இருந்ததையும், என்னைத் தனியே விட்டு வந்தது தான்தான் என்பதையும் சொன்னார். நான் கேட்டு அவர் வரவில்லை. ஞானமும் அதையே சொன்னாள், என் பக்கம் பார்க்காமல். கடைசியாக அந்த மூவரில் பெரியவர் கேட்டார், "இதை எழுதியது யார் என்று சந்தேகிக்கிறீர்களா?"

ஒன்றரை மாதமாக நான் செய்தது அது ஒன்றுதான். "இல்லை" என்று சொன்னேன்.

பெட்டிசம் தள்ளுபடி. ஆனால் ஜனவரியிலிருந்து என்னைக் கரவனெல்லைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்கள். அப்பாவுக்கு, வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். ஞானத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். தலையணை இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது.

இதற்குக் கீழே உள்ளதை அழகம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விடாமல்.

அழகம்மா, உங்களை நான் பார்த்ததில்லை. உங்கள்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கும் எழுத வராது. உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

மலையில் அவர் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் பேசவில்லை. அட்டையைப் பற்றியும் மழை எப்போது விடும் என்பதைப் பற்றியும்தான் பேசினோம். நான் மிகவும் பயந்திருந்தேன். முடியவில்லை என்று நான் சொல்லாததற்குக் காரணம் தைரியம் இல்லை, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்பதுதான். அவர் அதைத் தைரியம் என்று நினைத்துவிட்டார். உங்களுடையது அப்படி அல்ல. பதினாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருப்பது பயத்தினால் முடிகிற காரியம் இல்லை.

அவர் என்னைக் காப்பாற்றினார். நன்றி இருக்கிறது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நான் என்னையே கேட்டுப் பார்க்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. அதனால்தான் இது என் கடைசிக் கடிதம். நீங்கள் மூன்று மணித்தியாலம் என்றுதான் சொன்னீர்களாம். இந்த விஷயத்தில் என்னைப் பற்றிப் பேசிய எல்லோரிலும் சரியாகச் சொன்னது நீங்கள்தான்.

செல்வநாயகி


மொரகல தோட்டம்
19.1.1975

டீச்சர் அவர்களுக்கு,

இனிக் கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இது நான் எழுதுவது அல்ல, அழகம்மா எழுதச் சொன்னது. பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. இடையில் ஓர் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது, அவள் காத்திருந்தாள். முடிந்ததும், "கோவம் இருக்குன்னு எழுதியிருக்காங்கல்ல, அந்த எடத்த இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

சர்வேயர் ஐயா என்னை இன்னும் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்தில் வேலை இல்லை. காலையில் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு கட்டி வைத்துவிட்டு, "கெளம்புங்க" என்றாள். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசச் சொன்னேன். "கொழுந்து மலையில எனக்கு யாரு பூசிவிட்டா?" என்றாள். பூசவில்லை. முன்னால் நடப்பது என் வேலை என்று நினைத்து முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். கூடையில்லாமல் அவள் ஏறி நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பனி இல்லை. சுற்றிவர எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஓடைக்கு மேலே வந்தபோது நின்றாள்.

"எந்த எடம்?"

"எது?"

"நடிக்காதீங்க."

காட்டினேன். குனிந்து பாறைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். மேலே தட்டிப் பார்த்தாள், பக்கத்தைக் கையால் அளந்தாள். "வந்து ஒக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். என் தோள் அவள் தோளில் பட்டது, முழங்கால் முழங்காலில் பட்டது. வேறு மாதிரி உட்கார அங்கே இடமில்லை.

"ரெண்டு பேரு ஒட்டாம இங்க இருக்க முடியாதே," என்றாள்.

"முடியாது."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது எழுந்து தனியாக இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இந்த வாட்டி கேட்டதுக்கு ஒடனே சொல்லிட்டீங்க" என்றாள்.

பிறகு வெளியே வந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். "நா வந்து பாத்துட்டேன்னு டீச்சருக்கு எழுதிப் போடுங்க," என்று சொல்லிவிட்டு, இறங்குகிற பக்கம் திரும்பாமல், உச்சிக்குப் போகிற பாதையில் ஏறினாள். நான் பின்னால் போனேன்.

தங்கையா